12, 24, 30, 60, 120: உங்க வெப் அனிமேஷனுக்கு எது சரிப்பட்டு வரும்?

இந்த மாசம் மட்டும் மூணு பேர் ஒரே கேள்விய, அதாவது செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் (படம்) காட்டணும்னு, மூணு விதமா கேட்டாங்க. ஒருத்தர் டிசைனர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல 24ல பண்ணிக் குடுத்திருக்கார், டெவலப்பர் "வெப்னா 60தான், மாத்திக் குடுங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாராம். இன்னொருத்தர் கேன்வாஸ்ல (பிரவுசர்ல கோட் வச்சு படம் வரையிற இடம்) ஒரு சின்ன கேம் எழுதுறார், 30க்கு லாக் பண்ணலாமா வேணாமான்னு ஒரு வாரமா மண்டைய உடைச்சிக்கிட்டு இருக்கார். மூணாவது ஆள் சுத்தி வளைக்கவே இல்ல: "அண்ணே, எந்த நம்பர் போடணும், அத மட்டும் சொல்லுங்க."

நம்பர் சொல்றது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ஆனா அசையிறது என்னன்னு தெரியாம நம்பர் சொன்னா, ஆளப் பாக்காம சட்டைக்கு அளவு சொன்ன மாதிரிதான். அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க, அவசரம்னா கீழ ஒரு டேபிள் இருக்கு, அங்க குதிச்சிடுங்க.

## மொதல்ல ஒரு கேள்வி: வரைஞ்சு வச்சதா, கணக்குப் போட்டு ஓடுறதா?

வெப்ல அசையிற எதுவும் இந்த ரெண்டுல ஒண்ணுதான். ஸ்ப்ரைட் ஷீட் (எல்லா ஃப்ரேமயும் ஒரே படத்துல அடுக்கி வச்சது), ஜிஃப், வீடியோ எல்லாம் வரைஞ்சு வச்சது, ஒவ்வொரு படமும் ஏற்கெனவே ரெடியா இருக்கு, பிரவுசர் ஒண்ணு மாத்தி ஒண்ணு காட்டும், அவ்வளவுதான். சி.எஸ்.எஸ். ட்ரான்சிஷன், கேன்வாஸ்ல ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் (அடுத்த புதுப்பிப்புக்கு முன்னாடி நம்ம கோட கூப்பிடச் சொல்றது) வச்சு ஓட்டுறது, இதெல்லாம் கணக்கு. "இந்த நிமிஷம் பொருள் எங்க இருக்கணும்"னு ஸ்க்ரீன் ஒவ்வொரு தடவ புதுப்பிக்கும்போதும் பிரவுசர் கேட்டுக் கேட்டு வரையும்.

வரைஞ்சதுக்கு ஃப்ரேம் ரேட்ட நீங்கதான் தேர்ந்தெடுக்கணும். கணக்குக்கு அப்படி இல்ல, ஸ்க்ரீன் 60 ஹெர்ட்ஸ்னா, அதாவது செகண்டுக்கு 60 தடவ புதுப்பிக்கும்னா 60, 120ன்னா 120, அது பாட்டுக்கு ஓடும், நீங்க முடிவு பண்ண வேண்டியது கடிவாளம் போடணுமா வேணாமாங்கறது மட்டும்தான். இந்த ரெண்டயும் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் பாதி சண்டையே வருது. ஃப்ளாஷ்ங்கிற பழைய அனிமேஷன் சாஃப்ட்வேர்ல வேலை பாத்தவங்களுக்கு இது புரியும். அதுல ஒரு ஃபைலுக்கு ஒரு எஃப்.பி.எஸ். (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம்) பெட்டி, ரொம்ப காலம் அதுல டீஃபால்ட்டா 12ன்னு இருக்கும், உள்ள இருக்கிற எல்லாமே அந்தத் தாளத்துக்குத்தான் ஆடும். 2020 டிசம்பர் 31ஓட அடோபி ஃப்ளாஷுக்கு சப்போர்ட்ட நிறுத்திடுச்சு, ஆனா அந்தப் பெட்டி மட்டும் நம்ம மண்டைக்குள்ள இன்னும் தொறந்தே கெடக்கு.

## எத வச்சு முடிவு பண்றது?

ஒரு ஃப்ரேமுக்கு எவ்வளவு தாவுது. எனக்கு இதுதான் முதல் அளவுகோல், நிறைய பேர் இதப் பாக்கறதே இல்ல. ஒரு பொருள் ஒரு செகண்டுல 1200 பிக்சல் போகுதுன்னு வைங்க. 12ல ஓட்டினா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 100 பிக்சல் தாவும், 24ல 50, 60ல 20, 120ல 10. நூறு பிக்சல் தாவினா அது ஓட்டமே இல்ல, தவளை. அதே நேரம் ஒரு பொம்மை கண்ண சிமிட்டுது, இமை மொத்தமே 15 பிக்சல்தான் நகருது, அதுக்கு 12ஏ தாராளம். ஆக வேகமும் தூரமும்தான் விஷயம்.

ஸ்க்ரீனுக்குள்ள அடங்குதா. 60 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ புதுப்பிக்கும், நடுவுல எதையும் காட்டாது. 30 போட்டா ஒவ்வொரு படமும் சரியா ரெண்டு தடவ வரும், 12ன்னா அஞ்சு தடவ. 24 போட்டா ரெண்டரை தடவ வரணும், அரை தடவ காட்ட முடியாதே, அதனால மூணு, ரெண்டு, மூணு, ரெண்டுன்னு வரும். அதாவது ஒரு படம் 50 மில்லிசெகண்ட், அடுத்தது 33. சீரா நகர்ற பொருள்ல இது லேசான நொண்டலாத் தெரியும், பாக்கிறவங்களுக்கு என்னன்னு சொல்லத் தெரியாது, ஆனா "ஏதோ சரியில்லயே"ம்பாங்க.

நேரக் கூலி. 60ல ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் இருக்குன்னு சொன்னாலும் அது முழுசும் உங்க கைக்கு வராது, பிரவுசர் தன் வேலைக்கு எடுத்துக்கும், அதனால பொதுவா 10க்குள்ள முடிச்சிடுங்கன்னுதான் சொல்லுவாங்க. 120ல மொத்தமே 8.3.

கனம். டவுன்லோட் சைஸ் எல்லாரும் பாப்பாங்க, மெமரிய யாரும் பாக்க மாட்டாங்க. அத ஸ்ப்ரைட் ஷீட் பேசும்போது கணக்குப் போட்டுக் காட்டுறேன்.

பேட்டரி, சூடு. இது தனியா விளக்க வேண்டியதில்ல, ஃபோன் கையில சுட்டா யூசரே சொல்லிடுவார்.

இந்த அஞ்சுக்கும் மேல ஒண்ணு உண்டு, சீர். தடுமாறுற 60ஐ விட அசையாம நிக்கிற 30 கண்ணுக்கு நல்லது, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. 60 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன்ல உங்க வேலை ஒரு ஃப்ரேமுக்கு 20 மில்லிசெகண்ட் எடுக்குதுன்னா அது சீரான 50 எஃப்.பி.எஸ். ஆகாது, சில படம் 17, சில படம் 33ன்னு கலந்து வந்து நிக்கும், குண்டும் குழியுமான ரோட்டுல போற பஸ் மாதிரி.

## 12: கையால வரைஞ்சதுக்கு

கார்ட்டூன் உலகத்துல இத "டூஸ்"ம்பாங்க, 24 ஃப்ரேம் ஓடுற படத்துல ஒவ்வொரு ஓவியத்தையும் ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினா செகண்டுக்கு 12 ஓவியம். காலங்காலமா இதான் நடக்குது, யாரும் நொண்டுதுன்னு சொல்லல. நல்லா வரைஞ்ச 12 ஓவியம் இருந்தா மூளை மிச்சத்த நிரப்பிக்கும்.

எங்க நல்லா வரும்: மாஸ்காட் பொம்மை, கையாட்டுறது, கண் சிமிட்டுறது, ஸ்டிக்கர் மாதிரி சமாச்சாரம், பிக்சல் ஆர்ட். அந்த மூணாவது தம்பிகிட்ட "என்னதாம்பா பண்ற"ன்னு திருப்பிக் கேட்டேன், ஆர்டர் கன்ஃபர்ம் ஆனதும் ஒரு பொம்மை வந்து கும்பிடணுமாம். 12 போடு தம்பி, வேற யோசிக்காதன்னு சொல்லிட்டேன்.

இதழ் இதழா இருக்கிற லோடிங் சக்கரமும் இந்த வகைதான். 12 இதழ், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 30 டிகிரி, செகண்டுக்கு 12 தாவல்னா சரியா ஒரு சுத்து. அது இதழ் இதழாத் தாவறதுதான் அழகு, அத 60ல வழவழன்னு சுத்த விட்டா அந்த அழகே போயிடும்.

எங்க சொதப்பும்: பெருசா நகர்ற எதுலயும். இன்னொண்ணு, சக்கரம் சமாச்சாரம். 8 ஆரக்கால் உள்ள சக்கரத்துல கால்களுக்கு நடுவுல 45 டிகிரி. செகண்டுக்கு ஒண்ணரை சுத்து சுத்தினா 12 எஃப்.பி.எஸ்.ல ஒரு ஃப்ரேமுக்கு கரெக்டா 45 டிகிரி, அதாவது ஒவ்வொரு படமும் ஒரே மாதிரி, சக்கரம் நின்னுடும்! வண்டி ஓடும், சக்கரம் சுத்தாது. கொஞ்சம் மெதுவா சுத்தினா பின்னாடி சுத்துற மாதிரி வேற தெரியும்.

மறைஞ்சிருக்கிற செலவு: சி.எஸ்.எஸ்.ல "இத 12 எஃப்.பி.எஸ்.ல ஓட்டு"ன்னு சொல்ற ப்ராப்பர்ட்டி கிடையாது, அசைவ படி படியா தாவ வைக்கிற ஸ்டெப்ஸ் ஃபங்ஷன வச்சு சமாளிக்கணும். அதுல ஒரு கண்ணி இருக்கு, ஸ்டெப்ஸ் 12ன்னு போட்டா மொத்த அனிமேஷனுக்கும் 12ன்னு நெனப்போம், ஆனா அது ஒவ்வொரு கீஃப்ரேம் (அசைவுல நீங்க குறிச்சு வச்ச நிலை) ஜோடிக்கு நடுவுலயும் 12. பூஜ்யம், ஐம்பது, நூறுன்னு மூணு கீஃப்ரேம் வச்சிருந்தா மொத்தம் 24 ஆயிடும். நான் இதுல ஒரு முழு சாயங்காலத்த விட்டிருக்கேன்.

## 24, 25: சினிமாவுல இருந்து வந்த ஆசை

1920கள் கடைசியில பேசும் படம் வந்தப்ப சவுண்டுக்கு ஒரு நிலையான வேகம் வேணும்னு 24 நிலைச்சுது. அங்கருந்து அது "சினிமாட்டிக்"னு ஒரு பேரோட வெப்புக்கு வந்திருக்கு. ஆனா தியேட்டர்ல 24 ஏன் நல்லாருக்குன்னு யோசிக்கணும். கேமரால ஷட்டர் பொதுவா 48ல ஒரு பங்கு செகண்ட் தொறந்திருக்கும், அதனால வேகமா நகர்ற எதுவும் ஒவ்வொரு படத்துலயும் கொஞ்சம் இழுபட்டு மங்கலா பதியும், அந்த மங்கல்தான் ஒரு படத்தயும் அடுத்த படத்தயும் ஒட்டுற பசை. ப்ரொஜெக்டரும் ஒரே படத்த ரெண்டு மூணு தடவ வெட்டி வெட்டி காட்டும், சிமிட்டல் தெரியாம இருக்க. நம்ம சி.எஸ்.எஸ். பெட்டிக்கு இந்த மங்கல் எங்கருந்து வரும்? ஓரம் கத்தி மாதிரி கூர்மையா இருக்கிற ஒரு கார்ட, 24ல பக்கவாட்டுல ஓட்டினா, அது நகராது, பல இடத்துல நின்னு நின்னு தோணும்.

25ன்னா நம்ம ஊர் டிவி. கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுக்குப் பொருந்துற PAL டிவி முறை, அதனால 25. சேனல் வேலை பாத்துட்டு வெப்புக்கு வந்த எடிட்டர்ஸ் கை தானா 25ல போய் நிக்கும். 60 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன்ல 25ன்னா ஒவ்வொரு படமும் 2.4 தடவ, அதாவது ரெண்டு, ரெண்டு, மூணு, ரெண்டு, மூணுன்னு கோணலா வரும். 24ஐ விடவும் ஒழுங்கில்லாத தாளம்.

எங்க நல்லா வரும்: நெசமா ஷூட் பண்ண வீடியோ, மோஷன் ப்ளர் போட்டு ரெண்டர் பண்ண 3டி. அதுக்கு சோர்ஸ் எதுல இருக்கோ அதுலயே விட்டுடுங்க, 24ஐ 30ஆ மாத்துறேன்னு ஃப்ரேம டூப்ளிகேட் பண்ணாதீங்க, அது வேண்டாத வேலை. 120 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன்ல 24 அஞ்சு அஞ்சா அழகா அடங்கும், 144லயும் ஆறு ஆறா அடங்கும், அதனால போகப் போக இந்த நொண்டல் பிரச்சன குறைஞ்சிடும்.

இப்ப அந்த டிசைனருக்கு வர்றேன். அவரு குடுத்தது வீடியோ இல்ல, லாட்டி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல பண்ணத வெப்ல ஓட்ட ஏர்பிஎன்பி 2017ல வெளிய விட்ட அந்த லைப்ரரிதான், பேரு லோட்டே ரைனிகர்ங்கிற ஜெர்மன் நிழலுருவப் பட இயக்குநர் ஞாபகமா வச்சது. லாட்டி படத்த சேமிக்காது, பாதையையும் கீஃப்ரேமையும்தான் சேமிக்கும், அதாவது அது கணக்கு வகை. லாட்டி வெப்ல சப்ஃப்ரேம்னு ஒரு செட்டிங் டீஃபால்ட்டா ஆன்ல இருக்கும், அதனால 24ல பண்ணி அனுப்பினாலும் 60 ஸ்க்ரீன்ல 60ஆ நடுவுல இருக்கிறத நிரப்பி ஓடும். ஆக டெவலப்பர் கேட்ட 60 ஏற்கெனவே கையிலதான் இருந்துச்சு, ரெண்டு பேரும் சும்மா சண்ட போட்டுக்கிட்டாங்க! இதுக்கு நேரெதிர் பிரச்சனையும் உண்டு, 12ல வரைஞ்ச மாதிரி வேணும்னே வெட்டி வெட்டி பண்ணியிருப்பீங்க, லாட்டில போட்டா வெண்ணெய் மாதிரி வழுக்கும். அப்ப அந்த சப்ஃப்ரேம ஆஃப் பண்ணிடணும்.

## 30: கஞ்சத்தனமா தெரியும், ஆனா புத்திசாலி

30ஐ யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கிறதில்ல, வேற வழியில்லாம வர்ற இடம்னுதான் நெனப்பாங்க. எனக்கென்னமோ இதுமேல ஒரு மரியாதை உண்டு. 60ல ரெண்டு, 90ல மூணு, 120ல நாலுன்னு எல்லாத்துலயும் சுத்தமா அடங்குற நம்பர் இது. கவனிங்க, 90 ஹெர்ட்ஸ் ஃபோன்ல 60ஏ அடங்காது, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டுன்னுதான் வரும். (144ல 30 அடங்காது, அங்க 36 இல்லன்னா 48தான். கேமிங் மானிட்டர் வச்சிருக்கிறவங்க மன்னிக்கணும்.)

எங்க நல்லா வரும்: கனமான கேன்வாஸ், பேக்ரவுண்டுல சும்மா மிதக்கிற துகள், மெதுவா நகர்ற மேகம், டேட்டா சார்ட், புதிர், போர்டு கேம். கேன்வாஸ் எவ்வளவு கனம்னா, 360க்கு 640ன்னு இருக்கிற ஒரு சின்ன ஃபோன் ஸ்க்ரீன், பிக்சல் ரேஷியோ (ஒவ்வொரு பக்கமும் எத்தன மடங்கு நெசப் பிக்சல்ங்கறது) 3ன்னா உண்மையில 1080க்கு 1920, அதாவது இருபது லட்சத்துக்கு மேல பிக்சல். 60 தடவ வரைஞ்சா செகண்டுக்கு பன்னெண்டு கோடிக்கு மேல. பேட்டரிய 30 பாதியா காப்பாத்தும்னு சொல்ல மாட்டேன், ஆனா உங்க கோட் செய்யிற வேலை பாதியாகுறது நிச்சயம். ஃப்ரேம் ரேட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கேன்வாஸ் ரேஷியோவ 3ல இருந்து 2க்கு இறக்கிப் பாருங்க, பல நேரம் அதுலயே வேலை முடிஞ்சிடும், பாக்கிறவங்களுக்கு வித்தியாசமும் தெரியாது.

எங்க சொதப்பும்: விரல் பட்டு நகர்ற எதுலயும். இழுக்கிறது, ஸ்வைப், ஸ்லைடர், ஸ்க்ரோலோட சேர்ந்து ஓடுறது, இங்க 30 போட்டா பொருள் விரலுக்குப் பின்னாடி ரப்பர் கட்டி இழுத்த மாதிரி வரும்.

மறைஞ்சிருக்கிற செலவு: லாக் பண்ற கோட்லயே பக் வரும். "போன தடவ வரைஞ்சு 33.3 மில்லிசெகண்ட் ஆச்சா, ஆச்சுன்னா வரை, இப்ப மணிய குறிச்சுக்கோ"ன்னு எழுதுவோம், பாக்க சரியாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு ரிஃப்ரெஷ் சில நேரம் 33.2லயே முடிஞ்சிடும், ஒரு மயிரிழை கம்மி, கண்டிஷன் ஃபெயில், அடுத்த ரிஃப்ரெஷ் வரை காத்திருக்கும், 50 மில்லிசெகண்ட் ஆயிடும். 30க்கு லாக் பண்ணேன், 20 மாதிரி ஓடுதுன்னு பொலம்புறவங்கள்ல பாதி பேருக்கு இதான் காரணம். கேம் எழுதுற நண்பரும் இங்கதான் மாட்டியிருந்தார். ரெண்டு மூணு மில்லிசெகண்ட் சலுகை குடுங்க, அதோட மணிய குறிக்கும்போது மிச்சம் இருக்கிற துண்ட கழிச்சு குறிங்க. "ஒண்ணு விட்டு ஒண்ணு வரையறேன்"னு சுலப வழிக்குப் போனீங்கன்னா 120 ஃபோன்ல அது 60 ஆயிடும்.

செட்இன்டர்வல்ல (இத்தன மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ கோட ஓட்டுன்னு சொல்றது) 33 போட்டு ஓட்டுற ஆளுங்க இன்னும் இருக்காங்க. அது ஸ்க்ரீனோட தாளத்துக்கு சம்பந்தமே இல்லாம தன் கடிகாரத்துக்கு ஓடும், ரெண்டு தடவ வர வேண்டிய படம் சில நேரம் ஒரு தடவயோ மூணு தடவயோ வந்து தாளம் தப்பும். வேணாங்க, விட்டுடுங்க.

## 60: சாதாரணமா இதான், ஆனா இலவசம் இல்ல

மெனு தொறக்கிறது, பட்டன், மோடல், கார்ட் உள்ள வர்றது, டோஸ்ட் மெசேஜ், இதெல்லாம் சி.எஸ்.எஸ்.ல ட்ரான்ஸ்ஃபார்ம், ஒப்பாசிட்டி ரெண்ட மட்டும் தொட்டு எழுதியிருந்தீங்கன்னா ஃப்ரேம் ரேட்ட பத்தி நீங்க யோசிக்கவே வேணாம். அந்த ரெண்டும் மெயின் த்ரெட்ட (ஜாவாஸ்க்ரிப்ட் ஓடுற இடம்) தொடாம, அடுக்குகள ஒட்டிக் காட்டுற கம்பாசிட்டர்லயே ஓடிடும், ஜாவாஸ்க்ரிப்ட் எங்கயோ மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தாலும் அனிமேஷன் பாட்டுக்கு போகும். லெஃப்ட், டாப், விட்த், ஹைட் இதுல கை வச்சா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் லேஅவுட் (எது எங்க, எவ்வளவு பெருசுங்கற கணக்கு) மறுபடி போடணும், அப்ப 60ங்கிறது பேப்பர்ல மட்டும்தான்.

எங்க சொதப்பும்: வரைஞ்சு வச்ச படத்துல. இங்கதான் நான் சொன்ன மெமரி கணக்கு. 400க்கு 400 ஸ்ப்ரைட், ஒரு பிக்சலுக்கு 4 பைட், ஒரு ஃப்ரேம் 6,40,000 பைட். ரெண்டு செகண்ட் லூப்னா 12ல 24 ஃப்ரேம், சுமார் 15 எம்.பி.; 24ல 31 எம்.பி.; 60ல 120 ஃப்ரேம், 77 எம்.பி. ரெட்டினா மாதிரி பிக்சல் அடர்த்தியான ஸ்க்ரீனுக்கு 800க்கு 800 போட்டா எல்லாத்தயும் நாலால பெருக்குங்க, 60ல 300 எம்.பி. தாண்டிடும். ஃபைல் என்னவோ 400 கே.பி.தான் இருக்கும், கம்ப்ரெஸ் ஆயிருக்கு, ஆனா ஸ்க்ரீன்ல காட்டணும்னா பிரிச்சு விரிக்கணுமே. ஒரு கும்பிடுற பொம்மைக்கு 300 எம்.பி. ரேம்!

ஜிஃப்ல 60 கனவுலயும் நடக்காது. அந்த ஃபார்மட் நேரத்த செகண்டுல நூத்துல ஒரு பங்கா எண்ணும், 1, 2, 3, முழு நம்பர்தான். 2 போட்டா 50 எஃப்.பி.எஸ்., 3ன்னா 33.3, 4ன்னா 25. சரியா 60ம் இல்ல, 30ம் இல்ல, 24ம் இல்ல. சரி 1 போட்டு 100ல ஓட்டுவோமேன்னு ஆசைப்பட்டா பிரவுசர் அத நம்பாம 10ன்னு எடுத்துக்கும், படம் செகண்டுக்கு 10 ஃப்ரேம்ல ஊர்ந்து போகும். ஜிஃப்தான்னு முடிவு பண்ணிட்டா 8 போடுங்க, 12.5 எஃப்.பி.எஸ்., சமத்தா ஓடும். அதுக்கு மேல வேகம் வேணும்னா சவுண்ட் இல்லாத வீடியோவா போட்டுடுங்க, சைஸும் நல்லாவே குறையும்.

## 120: இருந்தா நல்லது, நம்பி எழுதாதீங்க

ஸ்க்ரோல், இழுக்கிறது, பெயின்ட் மாதிரி வரையிறது, இதுல 120 தொட்டுப் பாத்தா வித்தியாசம் தெரியும், மறுக்கல. ஆனா இது நீங்க தேர்ந்தெடுக்கிற நம்பர் இல்ல, அமைஞ்சா அமையும். விலை கம்மி ஃபோன்லயே இப்ப 90, 120 ஸ்க்ரீன் வருது, உள்ள இருக்கிற சிப் அதுக்கு ஈடு குடுக்குமாங்கறது வேற விஷயம், மாட்டுவண்டிக்கு விமான டயர் மாட்டின கதை. ஐஃபோன் ப்ரோல 2021ல இருந்து 120 இருக்கு, ஆனா சஃபாரி பல வருஷம் வெப் பேஜ 60க்குப் பக்கத்துலயே வச்சிருந்துச்சு, அதுக்குன்னே செட்டிங்ஸ்ல ஒரு ஃப்ளாக் இருக்கு. இன்னொண்ணு, நல்ல ஃபோன் ஸ்க்ரீன் எதுவும் அசையலன்னா தன் ரிஃப்ரெஷ்ஷ தானே குறைச்சு பேட்டரி மிச்சம் பிடிக்கும். உங்க பேஜ் ஓரத்துல ஒரு துக்கடா ஐகான் முடிவில்லாம சுத்திக்கிட்டு இருந்தா அது தூங்கவே போகாது.

மறைஞ்சிருக்கிற செலவு எனக்கு நேர்லயே நடந்துச்சு. ஒரு கடைக்கு பண்டிகை ஆஃபர் பேஜ், மேலருந்து மல்லிப்பூ உதிரணும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 2 பிக்சல் கீழன்னு எழுதினேன், என் லேப்டாப் 60 ஹெர்ட்ஸ், பிரமாதமா இருந்துச்சு. கடைக்காரர் தன் புது ஃபோன்ல தொறந்து பாத்துட்டு கூப்பிட்டார், "தம்பி, பூ விழச் சொன்னா கல்லு விழுதே"ன்னார். 120 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன், செகண்டுக்கு 120 பிக்சல் விழ வேண்டியது 240 விழுந்திருக்கு. தப்பு முழுக்க என்னுது. ஃப்ரேம எண்ணி நகத்தக் கூடாது, போன ஃப்ரேமுக்கும் இதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாத்து அதால பெருக்கி நகத்தணும், டெல்டா டைம். அத மாத்தினதும் அடுத்த பிரச்சன வந்துச்சு: வேற டேப் போயிட்டு அரை நிமிஷம் கழிச்சு வந்தா, பின்னாடி இருக்கிற டேப்ல ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் நின்னுடுமே, டெல்டா 30 செகண்ட்னு வரும், மொத்தப் பூவும் ஒரே தாவுல ஸ்க்ரீன விட்டுப் போயிடும். டெல்டாவுக்கு 100 மில்லிசெகண்ட் மாதிரி ஒரு உச்சவரம்பு வைங்க.

"பாக்கி இருக்கிற தூரத்துல பத்துல ஒரு பங்கு நகரு"ன்னு எழுதுற இழுவைக் கணக்குலயும் இதே கண்ணி ஒளிஞ்சிருக்கு. 60க்கு 0.1ன்னா 120க்கு அத பாதியாக்கி 0.05 போட்டா சரியா வராது, 0.9க்கு வர்க்கமூலம் எடுத்து ஒண்ணுல இருந்து கழிக்கணும், 0.0513. சின்ன வித்தியாசம்தான், ஆனா நேரத்த அடுக்கா வச்சு ஃபார்முலாவாவே எழுதிட்டா 90, 144 எல்லாத்துக்கும் ஒரே கோட் போதும்.

## அவசரக்காரங்களுக்கு டேபிள்

| ரேட் | ஒரு ஃப்ரேம் நேரம் (மி.செ.) | 60 ஸ்க்ரீன்ல அடங்குதா | எதுக்குப் போடலாம் | எதுக்குக் கூடாது | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|---|---|
| 12 | 83.3 | ஆமா, 5 | பொம்மை, ஸ்டிக்கர், பிக்சல் ஆர்ட், இதழ் லோடர் | தூரமா நகர்றது, சுத்துற சக்கரம் | ஸ்டெப்ஸ் கணக்குப் பிசகும் |
| 24 / 25 | 41.7 / 40 | இல்ல | ஷூட் பண்ண வீடியோ, ப்ளர் உள்ள 3டி | கூர்மையான ஓரம் உள்ள யு.ஐ. | நொண்டல் |
| 30 | 33.3 | ஆமா, 2 | கனமான கேன்வாஸ், பேக்ரவுண்ட், போர்டு கேம் | விரலோட நகர்றது | லாக் கோட்ல 20க்கு விழும் |
| 60 | 16.7 | ஆமா, 1 | யு.ஐ. எல்லாம், ஆக்‌ஷன் கேம் | ஸ்ப்ரைட், ஜிஃப் | மெமரி, லேஅவுட் |
| 120 | 8.3 | பேச்சே இல்ல | ஸ்க்ரோல், வரையிறது | இதையே நம்பி எழுதுற எதுவும் | ரெட்டை வேகம், பேட்டரி |

## கலந்து அடிக்கலாம், அதான் என் சாய்ஸ்

ஒரே பேஜ்ல ஒரே ரேட்தான் இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. கார்ட்டூன்காரங்களே பாத்திரத்த டூஸ்ல வரைஞ்சிட்டு கேமரா நகர்றப்ப மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமயும் நகத்துவாங்க. அதேதான் நம்மளும். ஒரு ஆட்டோ ஸ்க்ரீன்ல குறுக்க போகணும், அது குலுங்குறது, புகை விடுறது எல்லாம் 12ல ஸ்ப்ரைட்டா இருக்கட்டும், இடத்துல இருந்து இடம் போறத ட்ரான்ஸ்ஃபார்ம்ல விட்டுடுங்க, அது ஸ்க்ரீன் வேகத்துக்கு ஓடும். ஃபைல் சின்னது, ஓட்டம் வழவழப்பு. இது நடக்கிற மனுசனுக்கு மட்டும் ஒத்து வராது, உடம்பு 60ல நகரும், பாதம் 12ல மாறும், நடுவுல கால் தரையில வழுக்கிக்கிட்டே போகும், எண்ணெய் கொட்டின தரையில நடக்கிற மாதிரி. அங்க ரெண்டயும் ஒரே ரேட்ல கட்டிடுங்க.

எந்த ரேட்டா இருந்தாலும் ரெண்டு வேலை பாக்கி இருக்கு. ரிட்யூஸ் மோஷன் (அசைவ குறைங்கன்னு சொல்ற செட்டிங்) ஆன் பண்ணி வச்சிருக்கிறவங்களுக்கு ஃப்ரேம் ரேட்ட குறைச்சுக் குடுக்கிறது தீர்வு இல்ல, அது இன்னும் தலை சுத்தும், அசைவையே எடுத்துடுங்க இல்ல மெல்ல மங்கி வர்ற மாதிரி மாத்துங்க. அஞ்சு செகண்டுக்கு மேல தானா ஓடுற எதுக்கும் நிறுத்துற பட்டன் வேணும், செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல பளிச் பளிச்னு அடிக்கக் கூடாது, ரெண்டும் டபிள்யூ.சி.ஏ.ஜி.ங்கிற, வெப் எல்லாருக்கும் எட்டணும்னு வச்ச விதியிலயே இருக்கு.

## டெஸ்ட் பண்றது

உங்க மெஷின்ல ஓடுறத நம்பாதீங்க. க்ரோம் டெவ்டூல்ஸ்ல பெர்ஃபார்மன்ஸ் பேனல்ல சி.பி.யு.வ நாலு மடங்கு மெதுவாக்கி ஓட்டுங்க, அதோட நிக்காம யு.எஸ்.பி.ல ஒரு பழைய ஆண்ட்ராய்ட சொருகி அதுலயும் பாருங்க. ரெண்டரிங் டேப்ல எஃப்.பி.எஸ். மீட்டர் இருக்கு, ஆனா சராசரி 57ன்னு காட்டினா சந்தோஷப்படாதீங்க, விட்டுப்போன மூணு ஃப்ரேமும் தள்ளித் தள்ளிப் போயிருந்தா யாரும் கவனிக்க மாட்டாங்க, மூணும் சேர்ந்து ஒரே இடத்துல போயிருந்தா 67 மில்லிசெகண்ட் ஓட்டை, கண்ணுல பட்டுடும். நான் சராசரிய பாக்கறதே இல்ல, இருக்கிறதுலயே நீளமான ஃப்ரேம் எதுன்னுதான் தேடுவேன்.

கடைசியா ஒரு ஐஃபோன வாங்கி லோ பவர் மோட ஆன் பண்ணிட்டு பேஜ தொறங்க. சஃபாரி ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம 30க்கு இறக்கிடும், உங்கள கேக்காது. பூ அப்பவும் அதே வேகத்துல விழுந்தா கோட் சரி. பாதி வேகத்துல மிதந்து வந்தா, டெல்டாவ எங்கயோ விட்டுட்டீங்க, திரும்பப் போய் தேடுங்க.